வளைவில் வரும் பைக்கும் ஏற்காட்டுப் பனியும்: ஒளிப்படக் கேள்வி - பதில்

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமரா, 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ் இருக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பைக்குகளை எடுத்தால், பின்னாலுள்ள தடுப்புச்சுவர் பளிச்சென்று விழுகிறது, பைக் மங்கல். மேனுவல் ஃபோகஸுக்கு மாறிவிடலாமா? - வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: இந்த இடத்துக்கு மாறலாம். வண்டி எந்த இடத்தைத் தாண்டப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் மேனுவல், தெரியாவிட்டால் நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஆட்டோஃபோகஸ். கொண்டை ஊசி வளைவில் அது தெரியும். எல்லா வண்டியும் அதே வழியாகத்தான் திரும்பியாக வேண்டும்.

சுவர் தெளிவாக விழக் காரணம், நீங்கள் ஒருமுறை மட்டும் ஃபோகஸ் செய்யும் 'ஒன் ஷாட்'டில் வைத்து ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளையும் கேமராவின் விருப்பத்துக்கு விட்டிருப்பதாக இருக்கும். கருப்பும் வெள்ளையும் பூசிய சுவரைப் பார்த்தால் கேமரா அதைத்தான் பிடிக்கும். பிடித்தபின் நகரவும் நகராது.

செய்ய வேண்டியது: பைக் கடக்கப்போகும் இடத்தில், சாலையில் ஓர் அடையாளத்தைப் பாருங்கள். வெள்ளைக்கோட்டின் முனை, தார் ஒட்டுப்போட்ட விளிம்பு, எதுவானாலும் சரி. நடுப்புள்ளியால் அதில் ஃபோகஸ் செய்து, லென்ஸின் பக்கவாட்டு ஸ்விட்சை 'எம்.எஃப்.'புக்கு (மேனுவல் ஃபோகஸ்) தள்ளிவிடுங்கள். அதன்பின் ஜூமைத் தொடக் கூடாது. இந்த வகை லென்ஸ்களில் ஜூம் மாறினால் ஃபோகஸும் நழுவும்.

பலர் இடறுவது அடுத்த இடத்தில். 15 மீட்டர் தூரத்தில் ஜூம் 200 மி.மீ., லென்ஸ் துளை (அபெர்ச்சர்) எஃப் 5.6 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 1.25 மீட்டர்தான். 30 கி.மீ. வேகத்தில் வரும் பைக் அதை 0.15 நொடியில் தாண்டிவிடும். உங்கள் கேமரா நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும். இரண்டு படங்களுக்கு நடுவில் பைக் இரண்டே முக்கால் மீட்டர் போய்விடுகிறது. பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாலும் அதிர்ஷ்டம் இருந்தால்தான் ஒன்று தேறும். அதே இடத்தில் நின்று 100 மி.மீ., எஃப் 8 வையுங்கள். 12 மீட்டரிலிருந்து 19 மீட்டருக்கு மேல்வரை தெளிவு கிடைக்கும், இரண்டு மூன்று படம் தேறும். பைக் சின்னதாகத் தெரியுமே என்றால், 24 மெகாபிக்சலை வெட்டி எடுப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. ஷட்டர் 1/1000 நொடி, அதற்குத் தக்க ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்).

நேர்ச்சாலையில் உங்களை நோக்கி வரும் வண்டிக்கு இந்த முறை ஆகாது. அதற்குத் தொடர் ஆட்டோஃபோகஸ், அதாவது இந்தக் கேமராவின் 'ஏ.ஐ. சர்வோ', நடுப்புள்ளி மட்டும். கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் பிடிக்கும் குறுக்கு வகைப் புள்ளி இதில் அது ஒன்றுதான். மெனுவிலுள்ள கஸ்டம் ஃபங்ஷனில் ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து எடுத்து, பின்பக்க நட்சத்திரப் பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள். கட்டைவிரலை அழுத்தியபடி இருந்தால் ஃபோகஸ் துரத்தும், எடுத்தால் நின்றுவிடும். பழக ஒரு வாரம் ஆகும்.

இன்னொன்று: பஸ் வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். ஃபைண்டரில் கண் வைத்தபடி தார்ச்சாலையில் நிற்காதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் பனி இறங்கிவிட்டால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. லென்ஸ் பழுதா? - வாசகி, ஆத்தூர்

பதில்: பழுது இல்லை. ஆட்டோஃபோகஸுக்கு வெளிச்ச வேறுபாடுள்ள ஒரு விளிம்பு வேண்டும். பனி அதைத்தான் அழித்துவிடுகிறது. காப்பித் தோட்டத்தில் நடந்து வருபவரை எடுக்கும்போது, அவர் வரப்போகும் தூரத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் கருத்த தண்டு விளிம்பில் ஃபோகஸ் செய்து பூட்டிவிட்டு, அவர் அங்கே வரும்வரை காத்திருங்கள். மரமும் கிடைக்காவிட்டால் லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பத்து மடங்கு பெரிதாக்கி, கையால் வளையத்தைத் திருப்புங்கள்.

அதற்கு முன் லென்ஸின் முன்கண்ணாடியைப் பாருங்கள். ஏசி காரிலிருந்து எடுத்தவுடனே அதில் ஈரம் படியும். பலர் அதைத்தான் ஃபோகஸ் கோளாறு என்கிறார்கள். துடைக்கத் துடைக்க மறுபடியும் படியும். ஏசியை நிறுத்தி, பையை மூடியபடியே கால் மணி நேரம் விட்டாலே போதும்.

கேள்வி: சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில், இரவில் ஆடிவரும் பூங்கரகத்தை நிக்கான் டி3500, 18-55 லென்ஸில் எடுக்க வேண்டும். ஆட்டோவா, மேனுவலா? - வாசகர், சூரமங்கலம்

பதில்: கூட்டத்தில் ஆட்டோஃபோகஸ், குறுக்கே வரும் தலையைப் பிடித்துக்கொள்ளும். 18 மி.மீ., எஃப் 3.5 வைத்து, ஏழெட்டுத் தப்படி தள்ளி, அதாவது சுமார் ஐந்து மீட்டரில், விளக்கடியில் நிற்கும் ஒருவர் மேல் ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். இரண்டரை மீட்டரிலிருந்து தூரத்துக் கோபுரம்வரை தெளிவாக இருக்கும். கரகம் ஆடி நெருங்கினால் நீங்கள் பின்வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் 1/125இலிருந்து தொடங்குங்கள்.

உங்களுடையது ஏ.எஃப்.-பி வகை லென்ஸ் என்றால் அதில் ஸ்விட்ச் இருக்காது, மெனுவில்தான் மாற்ற வேண்டும். கேமரா தூங்கி எழுந்தால் வைத்த ஃபோகஸ் மாறிவிடவும் கூடும். தானாக அணையும் நேரத்தை மெனுவில் நீட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: செல்போனில் இதெல்லாம் முடியுமா? - வாசகி, ஏற்காடு

பதில்: பூட்டுவது மட்டும் முடியும். பெரும்பாலான போன்களில், பைக் வரப்போகும் இடத்தைத் திரையில் தொட்டு இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். பனியில் வெளிறிப்போகாமல் இருக்கும்.