பூமியானது பிறப்பிக்கக்கடவது

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

நான் முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நான்தான் எடுக்கிறேன். போன மாதம் நோவாவின் பேழை பாடம். இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன் எழுந்து, "அக்கா, டைனோசர் பேழையில ஏறுச்சா?" என்று கேட்டான். "அதெல்லாம் பரலோகத்துக்குப் போனதும் ஆண்டவர்கிட்டயே கேட்டுக்கலாம்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அது அவனுடைய கேள்வி மட்டும் இல்லை. பரிணாமத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்குகிறேன், எழுதுவதை நம்பித்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பாடுவதையும் நம்பித்தான் பாடுகிறேன். இரண்டையும் சேர்த்து நினைக்கத்தான் பயமாக இருக்கிறது. "பரிணாமம் உண்மை என்றால் ஆதாம் இல்லை, ஆதாம் இல்லை என்றால் பாவம் இல்லை, பாவம் இல்லை என்றால் சிலுவை எதற்கு?" என்று கன்வென்ஷனில் ஒரு பிரசங்கியார் கேட்டார். என் கல்லூரித் தோழியும் அதையேதான் சொல்கிறாள். ஆனால் அவள், "அப்போ சிலுவையை விட்டுடு" என்று முடிக்கிறாள். டார்வின் சாகும்போது மனந்திரும்பினார் என்று ஒரு கைப்பிரதியில் படித்தேன், உண்மையா? இரண்டையும் நம்புவது என்னை நானே ஏமாற்றிக்கொள்வதா?

பெயர் போட வேண்டாம் அண்ணா. அப்பா உங்கள் தளத்தைப் படிப்பார்.

அன்புள்ள தங்கைக்கு,

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். டார்வின் சாகும்போது மனந்திரும்பவில்லை. அவர் இறந்தது 1882-இல். அந்தக் கதை 33 ஆண்டுகள் கழித்து, 1915-இல், ஒரு அமெரிக்க பாப்டிஸ்ட் பத்திரிகையில் வந்தது. அவருடைய கடைசி நாட்களில் உடனிருந்த மகள் ஹென்றியெட்டா அதை வெளிப்படையாகவே மறுத்தார். கைப்பிரதி அச்சடிக்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் அச்சடிக்கிறார்கள். ஆனாலும் நடக்காத ஒன்றைச் சொல்லிக் கர்த்தருக்கு ஊழியம் செய்ய முடியாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நடந்த கதை இதைவிட நல்ல கதை. டார்வின் தன் புத்தகத்தை 1859-இல் வெளியிடுவதற்கு முன் இயற்கைத் தேர்வு பற்றி, அதாவது சூழலுக்குப் பொருந்திய உயிர்கள் அதிகம் பிழைத்துப் பெருகுவதால் இனங்கள் மெல்ல மாறுகின்றன என்ற தன் கொள்கை பற்றி, மிகச் சிலரிடமே சொல்லியிருந்தார். அந்தச் சிலரில் ஒருவர் ஆசா கிரே, ஹார்வர்டில் தாவரவியல் பேராசிரியர், ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. 1857 செப்டம்பரில் டார்வின் அவருக்கு ஒரு கடிதத்தில் தன் கொள்கையைச் சுருக்கி எழுதி, இப்போதைக்கு வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மறு ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி லண்டன் லின்னேயன் அறிவியல் சங்கத்தில் டார்வின், அதே கொள்கையைத் தனியாகக் கண்டடைந்த வாலஸ் இருவருடைய எழுத்துகளும் வாசிக்கப்பட்டபோது, அந்தக் கடிதத்தின் பகுதியும் சேர்ந்துதான் வாசிக்கப்பட்டது. பரிணாமக் கொள்கை உலகத்துக்கு வந்த அன்றே அதில் ஒரு விசுவாசிக்கு எழுதிய கடிதம் இருந்தது. அப்புறம் அமெரிக்காவில் அந்தக் கொள்கைக்காக முன்னால் நின்று வாதாடியவரும் கிரேதான். அவர் எழுதிய கட்டுரைகளை டார்வினே சிறு நூலாக்கி இங்கிலாந்தில் பரப்பினார். 1879-இல் ஒருவர் கேட்டதற்கு, ஒரு மனிதன் தீவிரக் கடவுள் நம்பிக்கையாளனாகவும் பரிணாமவாதியாகவும் இருக்கலாம் என்பதைச் சந்தேகிப்பதே அபத்தம் என்று பதில் எழுதி, கிரேயின் பெயரையும் எடுத்துச் சொன்னார் டார்வின். டார்வினோ தன்னைக் கடவுளைப் பற்றி முடிவுக்கு வர முடியாதவர் என்று சொல்லிக்கொண்டவர்.

இனி உங்கள் பிரசங்கியாருக்கும் தோழிக்கும் வருகிறேன். இருவரும் எதிரெதிராக நிற்பதுபோலத் தெரிகிறது. ஆனால் ஆதியாகமத்தை இருவரும் ஒரே மாதிரிதான் வாசிக்கிறார்கள். ஆறு நாள் என்றால் ஆறு தடவை இருபத்துநான்கு மணி நேரம், பூமிக்கு வயது சுமார் ஆறாயிரம். இதுதான் ஆதி சபையிலிருந்து எல்லோரும் ஒருமனதாக நம்பியது என்று நினைத்துக்கொண்டால் அது சரியில்லை. சூரியன் நான்காம் நாளில்தான் உண்டாகிறது. அப்படியானால் அதற்கு முந்தைய மூன்று நாட்களின் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆதி சபையின் வேத அறிஞர் ஓரிகன் கேட்டுவிட்டார். அறிவுள்ள எவன் இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வான் என்பது அவர் கருத்து. சபைப் பேராயர் அகஸ்டின் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்தில் ஒரு எச்சரிக்கை விடுத்தார். வானத்தையும் பூமியையும் நட்சத்திரங்களையும் பற்றி அவிசுவாசிகளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களில் கிறிஸ்தவன் வேதத்தைக் காட்டி உளறினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று கேட்டார். தோழிக்கு முன்னால் நீங்கள் பட்ட சங்கடம் அதேதான்.

1925-இல் அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் டேட்டன் ஊரில், பரிணாமம் கற்பித்ததற்காக ஒரு ஆசிரியர்மேல் வழக்கு நடந்தது. வேதாகமத்தின் பக்கம் நின்று வாதாடியவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். சாட்சிக் கூண்டில் ஏறிய அவரே, படைப்பின் நாட்கள் இருபத்துநான்கு மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்றுதான் சொன்னார். இன்றைக்கு கன்வென்ஷன் மேடைகளில் கேட்கிற வடிவம் பரவலானது 1961-க்குப் பிறகு. அந்த ஆண்டில் ஒரு வேதாகம ஆசிரியரும் ஒரு நீரியல் பொறியாளரும் நோவாவின் பிரளயத்தை வைத்துப் பூமியின் பாறை அடுக்குகளை விளக்கி எழுதிய அமெரிக்கப் புத்தகம்தான் அதற்குப் பெரிய உந்துதல். கத்தோலிக்கத் திருச்சபையோ 1950-இலேயே மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்று சொன்னது. 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார்.

சரி, மற்றவர்கள் சொன்னது இருக்கட்டும். வேதத்தையே திறப்போம். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது ராத்திரி குடும்ப ஜெபத்தில் அம்மா முறைவைத்து அதிகாரம் வாசிக்கச் சொல்வார். ஆதியாகமம் முதல் அதிகாரம் எத்தனை முறை வாசித்திருப்பேனோ, கல்லூரிக்குப் போன பிறகுதான் ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. "பூமியானது ஜாதிஜாதியான ஜீவஜந்துக்களாகிய நாட்டுமிருகங்களையும், ஊரும் பிராணிகளையும், காட்டுமிருகங்களையும், ஜாதிஜாதியாகப் பிறப்பிக்கக்கடவது." யார் பிறப்பிக்க வேண்டும்? பூமி. பதினோராம் வசனத்தில் புல்லையும் பூண்டையும் முளைப்பிப்பது பூமி. இருபதாம் வசனத்தில் நீந்தும் ஜந்துக்களை ஜநிப்பிப்பது ஜலம். தேவன் கட்டளையிடுகிறார், மண்ணும் தண்ணீரும் வேலை செய்கின்றன. மோசே டார்வினை அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது வேதத்துக்கும் மரியாதை இல்லை, அறிவியலுக்கும் மரியாதை இல்லை. ஆனால் படைப்பின் வழியாகவே படைக்கிற ஒரு தேவனை நினைத்துப் பார்க்க அந்த வசனம் இடம் விட்டிருக்கிறது.

எரேமியாவுக்குக் கர்த்தர், "நான் உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே உன்னை அறிந்தேன்" என்கிறார். கருவில் செல் எப்படிப் பிரிகிறது, இதயம் எந்த வாரம் துடிக்கத் தொடங்குகிறது என்பதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது. அதைப் படித்ததால் உங்களைத் தேவன் உருவாக்கவில்லை என்று நினைத்தீர்களா? உங்கள் சபையில் கர்ப்பிணிகள் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து ஸ்தோத்திர ஆராதனை வைக்கிறார்களே, அவர்களுக்கு யாராவது அவிசுவாசி என்று பெயர் வைத்தார்களா? பத்து மாதத்தில் இயற்கை வழியாக ஒருவரை உருவாக்கும் தேவன், கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒரு உயிரினத்தை உருவாக்கினால் மட்டும் அவர் ஏன் காணாமல் போக வேண்டும்? மரபணு மாற்றம் தற்செயலாக நடக்கிறதே என்றால், கோடிக்கணக்கான விந்தணுக்களில் எது முந்தியது என்பதும் தற்செயல்தான். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்று நீதிமொழிகளில் வாசித்திருப்பீர்கள்.

பரிணாமம் ஒரு யூகம்தானே என்று யாராவது கேட்டால், ஒரு நெல்லிக்காயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடும் மாடும் நாயும் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே செய்துகொள்கின்றன. நமக்கு முடியாது, நெல்லிக்காயும் எலுமிச்சையும் வேண்டும். அதைச் செய்கிற மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை, உடைந்து கிடக்கிறது. சிம்பன்சியிடமும் அதே மரபணு உடைந்தே கிடக்கிறது, அந்த உடைசலில் நம்முடையதோடு ஒத்துப்போகிற தடயங்களும் இருக்கின்றன. ஓலைச்சுவடிகளைப் பதிப்பிக்கிறவர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டவை என்று கண்டுகொள்வார்கள். புதிய ஏற்பாட்டின் பழைய கிரேக்கப் பிரதிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பதும் இந்த வழியில்தான். உங்கள் அப்பா கையில் இருக்கிற வேதத்தின் மூலபாடத்தைச் சரிபார்க்க எந்த முறை உதவியதோ, அதே முறைதான் நமக்கும் குரங்குக்கும் முன்னோர் ஒன்று என்று காட்டுகிறது.

ஆதாம் விஷயம் கடினமானதுதான், அதை மறைக்க மாட்டேன். இன்றைய மனிதர்களின் மரபணு வேறுபாடுகளைப் பார்த்தால், நம் முன்னோர் எந்தக் காலத்திலும் இரண்டே பேராகக் குறைந்ததாகத் தெரியவில்லை, ஆயிரக்கணக்கில்தான் இருந்திருக்கிறார்கள். ஜான் ஸ்டாட் போன்ற சுவிசேஷக ஊழியரே, ஏற்கெனவே இருந்த மனிதர்களிலிருந்து தேவன் ஆதாமைத் தம் சாயலுக்கு உயர்த்தினார் என்று கருத இடம் கொடுத்தவர். மரணத்தைப் பற்றியும் ஒன்றைக் கவனியுங்கள். "அதை நீ புசிக்கும் நாளில் சாகவே சாவாய்" என்று தேவன் சொன்னார். ஆதாம் புசித்தான். அப்புறமும் உயிரோடிருந்து, மொத்தம் தொளாயிரத்து முப்பது வருஷம் வாழ்ந்தான் என்று அதே ஆதியாகமம் சொல்கிறது. அப்படியென்றால் அன்றைக்கு அவனுக்குள் செத்தது எது? எனக்கு அது தேவனோடு இருந்த உறவு. அது செத்துப்போவதை நான் என் வாழ்க்கையில் பலமுறை பார்த்துவிட்டேன், அதற்கு எலும்புக்கூட்டு ஆதாரம் எனக்குத் தேவைப்படவில்லை. பிரசங்கியாரின் சங்கிலி ஆதாமில் தொடங்கிச் சிலுவைக்கு வருகிறது. பவுல் வந்த வழி வேறு. அவர் தமஸ்குவுக்குப் போகிற பாதையில் கிறிஸ்துவைக் கண்டார், அந்த வெளிச்சத்தில்தான் ஆதாமைத் திரும்பிப் பார்த்தார்.

என்னை உண்மையில் தூங்கவிடாத கேள்வி வேறு. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் பட்டாம்பூச்சிப் புழுக்கள் வரும், பச்சையாக, கொழுகொழுவென்று. ஒரு நாள் ஒரு புழு இலையில் அசையாமல் கிடந்தது. பக்கத்தில் அரிசிமணி மாதிரி வெள்ளைக் கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. குச்சியால் தொட்டேன், புழு தலையை மெல்லத் தூக்கியது. உயிர் இருந்தது. ஒரு சின்னக் குளவி அதன் உடம்புக்குள் முட்டையிட்டு, குஞ்சுப் புழுக்கள் அதை உயிரோடு உள்ளிருந்து தின்று வெளியே வந்து கூடு கட்டியிருந்தன. டார்வினை உலுக்கியதும் இந்த வகைக் குளவிதான். அன்பும் வல்லமையும் உள்ள ஒரு தேவன் இதை வேண்டுமென்றே வடிவமைத்தார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று 1860 மே மாதம் ஆசா கிரேவுக்கு எழுதினார். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை, அவருடைய பத்து வயது மகள் ஆனி இறந்திருந்தாள்.

இதற்கு என்னிடம் பதில் கிடையாது. கிரேயும் டார்வினைச் சமாதானப்படுத்தவில்லை, ஆனால் இருவரும் கடைசிவரை நண்பர்களாக இருந்தார்கள். ஒன்று மட்டும் எனக்குத் தெளிவு. ஆறு நாளில் படைத்தார் என்று வைத்துக்கொண்டாலும் குளவி அந்தப் புழுவைத் தின்னத்தான் செய்கிறது. அப்போது அந்தக் குளவியை நேரடியாகக் கையால் செய்தவர் தேவன் என்றாகும், கேள்வி இன்னும் கூர்மையாகும். பவுலோ, "சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது" என்று எழுதுகிறார். இன்னும் பிறந்து முடியாத உலகம். அந்த வேதனைக்கு வெளியே நின்று பார்க்காமல் தாமே மாம்சமாகி ஆணியடிக்கப்பட்ட தேவனைத்தான் நான் நம்புகிறேன். வேறு எந்தத் தேவனையும் அந்தச் செடிக்கு முன்னால் நின்று என்னால் நம்பியிருக்க முடியாது.

அதனால் நீங்கள் உங்களை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அப்பாவிடம் வாதம் பண்ண வேண்டாம். ஒரு ராத்திரி ஜெபத்தில் முதல் அதிகாரத்தை நீங்கள் வாசியுங்கள், இருபத்துநாலாம் வசனத்தில் நிறுத்தி, "அப்பா, பூமியானது என்று ஏன் இருக்கிறது?" என்று கேளுங்கள். அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

அப்புறம் அந்தப் பையன். டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அழிந்துபோயின, அப்போது மனிதர்களே இல்லை என்று அவனிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் எல்லாம் அழியவில்லை, ஒரு கிளை மட்டும் பிழைத்துப் பறவைகளாக நம்மோடு இருக்கிறது என்றும் சொல்லுங்கள். முடிந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நாட்டுக்கோழியை வகுப்புக்குக் கொண்டு போங்கள். அதன் காலை அவன் தொட்டுப் பார்க்கட்டும், அந்தச் செதில்களையும் முன்னால் நீளும் மூன்று விரல்களையும் நகத்தையும். நோவா பேழையின் ஜன்னலைத் திறந்து முதலில் எதை வெளியே விட்டார், அடுத்து எதை விட்டார் என்று அவனிடமே கேளுங்கள். காகம், புறா என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் யோசிப்பான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்