ஒன்றரை நாள் லீவும் ஒரு வாக்கும்

அன்புள்ள ஐயா,

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். வயது இருபத்தாறு. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். 2025 மே மாதம் நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. அதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் கனடாவில் இருக்கும் மாமா மகள், அங்கே தேர்தல் நாளுக்கு முன்பே லீவு நாளொன்றில் வாக்களித்துவிட்டதாகச் சொல்லிப் படம் அனுப்பியிருந்தாள். எங்களுக்கு ஏன் அப்படி ஒரு வசதி இல்லை? நான் போனால் சம்பளம் வெட்டுவார்கள், பஸ் காசு வேறு. பிரதேச சபையோ எங்கள் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பாதைக்கு ஒரு கூடை கல் கொட்டியதில்லை. அப்பா வாழ்நாள் முழுவதும் யூனியன் காட்டிய சின்னத்துக்கே புள்ளடி போட்டார். பாட்டிக்கு எண்பத்து மூன்று வயது. கால் முடியாததால் இந்த முறை அவரும் போகவில்லை. அன்று முழுவதும் யாருடனும் பேசாமல் இருந்தாராம். அவருடைய வருத்தம் எனக்கு விளங்கவில்லை. என் ஒரு வாக்கினால் என்ன நடந்துவிடும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

அன்புள்ள மகள்,

மன்னிப்புக் கேட்கும்படியாக உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. வாக்களிப்பது புனிதக் கடமை என்று மேடையில் பேசிவிட்டு, மறுநாள் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டாதவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நீங்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் கேள்விகள் வேறு வேறு இடங்களில் வேர்விட்டவை என்பதால் அவற்றை ஒன்றாகக் கட்டிப் பதில் சொல்ல என்னால் முடியாது.

முதலில் கனடாவைப் பார்ப்போம். அங்கே கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பு நாளுக்கு முன்னதாக நான்கு நாட்கள் முன்கூட்டிய வாக்களிப்புக்கென்று ஒதுக்கப்படுகின்றன. 2025 ஏப்ரல் 28ஆம் திகதித் தேர்தலுக்கு முன்பு ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி வந்த அந்த நான்கு நாட்களில் மட்டும் சுமார் 73 இலட்சம் பேர் வாக்களித்தார்கள். இலங்கையில் பொதுமக்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. இருக்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். கொழும்பிலும் பிற நகரங்களிலும் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் மலையகத்துப் பிள்ளைகளை நினைத்தால், இது ஆடம்பரமான கோரிக்கை ஆகாது. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் நம் பெண்களுக்கோ எந்த வழியும் இல்லை.

இங்கே முந்தி வாக்களிப்பவர்கள் தபால்மூல வாக்காளர்கள் மட்டுமே. தேர்தல் கடமைக்குப் போகும் அரச உத்தியோகத்தர்கள், பொலிஸார், படையினர் போன்றவர்கள் அவர்கள். முப்பது வருடத்துக்கு மேல் அரச பாடசாலை ஆசிரியனாக இருந்த நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். ஒரு தேர்தலில் விண்ணப்பப் படிவத்தில் தேருநர் இடாப்பிலுள்ள (வாக்காளர் பட்டியலிலுள்ள) என் தொடரிலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தேர்தலன்று காலை ஏழு மணியிலிருந்து வேறொரு தோட்டத்துப் பாடசாலையில் அமர்ந்து நூற்றுக்கணக்கானவர்களுக்கு வாக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்த நான் அந்த வருடம் வாக்களிக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒற்றுப்பிழை திருத்திய கை ஓர் இலக்கத்தைத் திருத்திப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஒரு விடயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: நம்மில் பெரும்பாலானோருடைய வாக்கு தேர்தல் நாளில் இழக்கப்படுவதில்லை. அதற்கு வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் முன்பே, ஏதோ ஒரு காகிதத்தில் இழக்கப்பட்டுவிடுகிறது. நாம் முந்திக்கொள்ள வேண்டியது அந்தக் காகிதத்தில்தான் என்பது என் எண்ணம்.

உங்கள் பாட்டியின் மௌனமும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. 1947 பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் நுவரெலியாவிலும் சி.வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும் தோட்டத்து மக்களின் வாக்கினால் வென்று பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடம் வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில், வாக்குரிமையைப் பறிக்கிறோம் என்று ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை. இங்கே பிறந்தவர்களிடம், தகப்பனும் இங்கே பிறந்தவர் என்பதையோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்பதையோ நிரூபிக்கச் சொன்னது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயங்களில் பூட்டனின் பிறப்பை எந்தப் பெட்டியில் தேடுவது? 1949இல், பிரஜாவுரிமை இல்லாதவருக்கு வாக்கில்லை என்று பாராளுமன்றத் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். 1952 தேர்தல் வந்தபோது நம்மில் பெரும்பாலானோரின் பெயர்கள் இடாப்பில் இல்லை. பிறகு இந்தியாவுடன் 1964 ஒப்பந்தம், 1974 ஒப்பந்தம் என்று ஆட்களைத் தலைக்கணக்கில் பங்கு போட்டார்கள். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களோடுதான் மிஞ்சியவர்களின் நாடற்ற நிலை முடிந்தது. எண்பத்து மூன்று வயதென்றால், உங்கள் பாட்டி முதன்முதலாக வாக்குச் சீட்டைக் கையில் வாங்கியபோது ஐம்பதை நெருங்கியிருக்கவும் கூடும். கேட்டுப் பாருங்கள். இந்த வரலாற்றைக் காட்டி இளையவர்களை மிரட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. அன்று அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்று நீங்கள் கேட்டதால் மட்டுமே சொல்கிறேன்.

பிரதேச சபை பற்றி நீங்கள் எழுதியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதியை யாரோ உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு இருந்த விதத்தில், சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவது ஏறக்குறைய முடியாத காரியமாக இருந்தது. தோட்டத்துப் பாதை தனியார் பாதை, தோட்டத்துக் கிணறு தனியார் கிணறு. நம் மக்கள் வாக்களித்தார்கள், நம் உறுப்பினர்கள் சபையில் உட்கார்ந்தார்கள், தீர்மானங்களும் நிறைவேற்றினார்கள். லயத்துக்கு முன்னால் ஒரு கான் வெட்டுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. உங்கள் தகப்பனார் கண்டதெல்லாம் இதைத்தான். அவர் எந்தச் சின்னத்துக்குப் போட்டிருந்தாலும் அந்தக் கல் வந்திருக்காது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய பெரிய பிரதேச சபைகளும் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகள் வந்தன.

இவ்வளவும் வந்து கொஞ்ச நாள்தான். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அப்படி நிறுத்தியது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. (மத்திய மாகாண சபையின் கதை இதைவிட மோசம். அதன் கடைசித் தேர்தல் 2013 செப்டெம்பரில் நடந்தது.) ஆகவே சட்டப்படி தோட்டத்துக்குள் கல் கொட்டக்கூடிய ஒரு சபையை நாம் தெரிவுசெய்யும் வாய்ப்பு உண்மையில் இப்போதுதான் தொடங்குகிறது. இனி அந்தக் கல் வராவிட்டால் அதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட உறுப்பினரால் முடியாது. என் ஒரு வாக்கினால் என்ன நடக்கும் என்ற உங்கள் கேள்வியை நாடு முழுவதற்குமான தேர்தலில் கேட்டால் எனக்கும் பதில் சொல்லக் கஷ்டம். ஒரு வட்டாரத்தில் கேட்டால் அவ்வளவு கஷ்டமில்லை. உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு அறுபது ஆசனம் வட்டாரத்தின் மூலம் தெரிவாகிறது. இரண்டு மூன்று தோட்டங்கள் சேர்ந்த வட்டாரத்தில் வெல்பவருக்கும் தோற்பவருக்கும் இடையே இருப்பது சில லயங்களின் வாக்குதான். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் அத்தனை பேரும் வராமல் விட்டால் முடிவு யார் கையில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

யூனியன் சின்னத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் தகப்பனாரை நான் குறைசொல்ல மாட்டேன். அரைப்பேரா முழுப்பேரா (அரை நாள் சம்பளமா முழு நாள் சம்பளமா) என்று தினமும் அடுத்தவர் தீர்மானிக்கும் ஒரு வாழ்க்கையில், கூட்டமாக நிற்பதே அவருக்கு இருந்த ஒரே பலம். நீங்கள் அவர் போட்ட சின்னத்துக்குத்தான் போட வேண்டும் என்றில்லை. 2024 பாராளுமன்றத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் மலையகத் தமிழ்ப் பெண்கள் உறுப்பினர்களாகத் தெரிவானார்கள். அவர்களுடைய கட்சியை நீங்கள் ஆதரிக்கிறீர்களா எதிர்க்கிறீர்களா என்பது வேறு விடயம். தகப்பன்மார் பழகிய வழியை விட்டு மாறிப் போட்டவர்கள் இருந்ததால் அது நடந்தது.

இனி சம்பள வெட்டுக்கு வருகிறேன். இதை உங்கள் கடையில் வேலை செய்யும் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். வாக்களிக்கப் போகும் ஊழியருக்குச் சம்பளம் வெட்டாமல், சொந்த லீவிலும் கழிக்காமல், குறைந்தது நான்கு மணித்தியாலம் கொடுக்க வேண்டும் என்பது தேர்தல் சட்டம். தூரத்தைப் பொறுத்து அது கூடும். தேர்தல்கள் ஆணைக்குழு அறிவித்திருக்கும் அளவின்படி 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 100 வரை ஒரு நாள், 100இலிருந்து 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். கொழும்பிலிருந்து டிக்கோயாவுக்கு ஒன்றரை நாள் கிடைக்கும். ஒரேயொரு நிபந்தனை, எழுத்தில் கேட்க வேண்டும். தேர்தலுக்கு முதல் நாள் மாலை, கடை நிறையச் சனம் நிற்கும்போது முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் வாயால் கேட்டால் கிடைக்காது. திகதி அறிவித்த வாரத்திலேயே ஒரு தாளில் எழுதி, பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் எந்த இடாப்பில் இருக்கிறது என்பதையும் இப்போதே பாருங்கள். வழமையாக வசிக்கும் ஓரிடத்தில் மட்டுமே ஒருவர் பதியலாம். கொழும்பில் போடிங் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் தங்கள் விலாசத்தில் பெயர் போட விடமாட்டார்கள். ஊரிலோ, இந்தப் பிள்ளை இப்போது இங்கே இல்லை என்று யாராவது சொல்ல, கிராம உத்தியோகத்தர் வெட்டிவிடுவார். இப்படி இரண்டு இடத்திலும் இல்லாமல் போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். வருடாவருடம் இடாப்பு திருத்தப்படும்போது வீட்டிலிருப்பவர்கள் உங்கள் பெயரைச் சொன்னார்களா என்று கேளுங்கள். வாக்காளர் அட்டை தோட்டத்து அலுவலகத்தில் தேங்கிக் கிடந்தால் பயப்பட வேண்டாம், அது இல்லாமலே வாக்களிக்கலாம். அடையாள அட்டை இல்லாமல்தான் முடியாது. தேசிய அடையாள அட்டை தொலைந்து, கடவுச்சீட்டு போன்ற வேறெதுவும் இல்லாதவர்கள், புகைப்படத்துடன் கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பித்தால் அந்தத் தேர்தலுக்கு மட்டும் செல்லுபடியாகும் தற்காலிக அட்டை கிடைக்கும். அதற்கும் முடிவுத் திகதி உண்டு.

அன்றைய தினத்துக்கு ஒரே புத்திமதி, காலையில் போங்கள். அண்மைக்காலத் தேர்தல்களில் வாக்களிப்பு காலை 7 மணியிலிருந்து மாலை 4 மணி வரை. மேற்பிரிவிலிருந்து பாடசாலைக்கு இறங்கி வரும் பெண்கள், சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, மழை விடட்டும் என்று காத்திருந்து, நாலேகாலுக்கு நனைந்த சேலையோடு வாசலில் வந்து நின்றதை நான் கண்டிருக்கிறேன். கதவைத் திறக்கும் அதிகாரம் அங்கே யாருக்கும் இல்லை. உள்ளே போனால் அவசரப்படாதீர்கள். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 300,300 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அதே வருடம் நவம்பரில், வாக்களித்தவர் தொகை நூற்றுக்கு 79இலிருந்து 69ஆகக் குறைந்த பாராளுமன்றத் தேர்தலில், நிராகரிக்கப்பட்டவை 667,240. குறைந்த பேர் வந்து கூடுதலான வாக்குகளைக் கெடுத்திருக்கிறார்கள். நிராகரிக்கப்படும் காரணங்கள் மிகச் சாதாரணமானவை: கட்சிக்குப் புள்ளடி போடாமல் விருப்பு இலக்கத்தை மட்டும் அடையாளமிடுவது, இரண்டு கட்சிக்கும் போட்டுவிடுவது. வீட்டுக்குப் போகும்போது அம்மாவுக்கு ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள்.

பாட்டி விடயம்தான் பாக்கி. வீட்டுக்கு வந்து வாக்கு வாங்கும் முறை இங்கே இல்லை. ஆனால் உடல் இயலாதவர் தன்னோடு ஓர் உதவியாளரை வாக்களிப்பு நிலையத்துக்குள் அழைத்துச் செல்லச் சட்டம் இடமளிக்கிறது. அதற்கான தகைமைச் சான்றிதழ்ப் படிவத்தை கிராம உத்தியோகத்தரிடம் பெற்று, அரச வைத்தியர் ஒருவரிடம் ஒப்பம் வாங்க வேண்டும். உதவியாளர் 18 வயது தாண்டியவராக இருக்க வேண்டும், வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக் கூடாது. அந்தத் தகுதி உங்களுக்கு இருக்கிறது. கட்சிக்காரர் வாகனம் அனுப்புவதாகச் சொன்னால் ஏறாதீர்கள், அது குற்றம். குடும்பத்துச் செலவில் ஒரு ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அவரைக் கிளினிக் கூட்டிப்போகும் நாள் எது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டு, அடுத்த முறை அந்தப் படிவத்தையும் பையில் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

அன்புடன்.