பாட்டிக்கு மறதியா?

கேள்வி: என் மகளுக்கு நாலே கால் வயது. என் அம்மாவின் (72) மூக்குக்கண்ணாடியைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து அரிசி டப்பாவில் ஒளித்துவிடுகிறாள். அம்மா தலையணையைப் புரட்டித் தேடும்போது கைகொட்டிச் சிரிக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் இந்தக் கூத்து. ஆபீஸ் அவசரத்தில், 'உனக்கு மறதிம்மா' என்று சொல்லிவிட்டு நாங்கள் கிளம்பிவிடுவோம். இந்த வயதிலேயே வஞ்சகமா? டாக்டரிடம் காட்டலாமா?

பதில்: மகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே தம்பி, 'உனக்கு மறதிம்மா' என்று! கண்ணாடி அரிசி டப்பாவில் கிடப்பது தெரிந்தும் பெற்றவளிடம் அப்படிச் சொன்னீர்களா?

குழந்தை விஷயம் எளிது. 1983இல் விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றுகிறாள். பசியோடு வருபவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியையே காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்குத் தெரியாது என்பது அந்த வயதில் பிடிபடாது. நாலு, ஐந்து வயதில்தான் பிடிபடத் தொடங்கும். உங்கள் மகள் தலையணையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பாட்டி நினைப்பில் கண்ணாடி இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. புதிதாகக் கைவந்த வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறாள், அவ்வளவுதான்.

ஆனால் தேடுகிறவளுக்கு எப்படி இருக்கும் என்பதை யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டாமா? பிள்ளைக்குப் படங்களைக் காட்டும்போது 'இவன் என்ன நினைக்கிறான், இவளுக்கு எப்படி இருக்கும்' என்று பேசிய தாய்மார்களின் பிள்ளைகள் பின்னாளில் பிறர் மனசை நன்றாகப் புரிந்துகொண்டதாக 2002இல் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் வீட்டில் அவள் காதில் விழுவதோ பாட்டிக்கு மறதி என்பதுதான்.

நீங்கள் கிளம்பிப் போன பிறகு அந்த அம்மாள் என்ன செய்வாள்? அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தடவை போய்ப் பார்ப்பாள். பிரஷர் மாத்திரை போட்டோமா என்று அட்டையை எண்ணிப் பார்ப்பாள். 'எனக்குப் புத்தி பேதலிக்குதோ' என்று கேட்டுப் பாட்டிமார் எனக்கு எழுதுகிறார்கள், தம்பி. அவர்களில் எத்தனை பேர் வீட்டில் அரிசி டப்பா இருக்கிறதோ!

இன்றைக்கு ராத்திரியே மகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மா முன்னால் உட்காருங்கள். 'கண்ணாடி எங்கே இருந்ததுன்னு எனக்குத் தெரியும்மா. உனக்கு மறதி இல்லை. நான் பொய் சொன்னேன்' என்று மகள் காதுபடச் சொல்லுங்கள். நாளைக் காலையில் பாட்டி ஒரு பொம்மையை ஒளிக்கட்டும், பேத்தி தேடட்டும். நீங்கள் கூட இருந்து பாருங்கள். ஆபீசுக்குப் பத்து நிமிஷம் தாமதமானால் ஆகட்டும்.