'தி ஆட் கபிள்' தொடரில் சிரிப்பொலி இரண்டாம் சீசனில் மாறியது ஏன்?

லாஃப் டிராக் என்றால், முன்பே பதிவுசெய்து வைத்த சிரிப்பைக் காட்சியில் பிறகு சேர்ப்பது. சுத்தப் பித்து பிடித்த ஃபீலிக்ஸும் போட்டது போட்டபடி கிடக்கும் ஆஸ்கரும் நியூயார்க்கில் ஒரே அபார்ட்மென்டில் குடியிருக்கும் இந்த அமெரிக்க ஏபிசி டிவி நகைச்சுவைத் தொடரின் (1970–75) முதல் சீசன், ஒற்றைக் கேமராவில், ரசிகர்கள் இல்லாமல் எடுக்கப்பட்டு, சிரிப்பு லாஃப் டிராக்கில் சேர்க்கப்பட்டது. ஜோக் சொன்னபின் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதை நடிகர்கள் ஊகிக்கத்தான் வேண்டும். குறைந்தால் அடுத்த வசனம் சிரிப்பில் அமுங்கிப்போகும். கூடினால் காட்சி தொய்யும். காலி ஹாலில் பட்டிமன்றம் பேசுகிற கதைதான். ஃபீலிக்ஸாகவும் ஆஸ்கராகவும் நடித்த, மேடையில் பழகிய டோனி ரேண்டாலுக்கும் ஜாக் க்ளக்மேனுக்கும் இது பிடிக்கவேயில்லை. இரண்டாம் சீசனிலிருந்து மூன்று கேமராக்கள், எதிரே நிஜ ரசிகர்கள்.

பழைய சிட்காம் (டிவி நகைச்சுவைத் தொடர்) சிரிப்பெல்லாம் டேப்பில் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இதில் முதல் சீசனுக்குத்தான் அது பொருந்தும்.