ராஜ்மா தரலாம், பாசிப்பருப்பு கூடாதா? எஸ்.சி.டி. கேள்வி பதில்

என் மகனுக்கு ஒன்பது வயதில் க்ரோன்ஸ் நோய், அதாவது விட்டுவிட்டு வருகிற நாள்பட்ட குடல் அழற்சி என்று தெரிந்தது. மருந்தோடு சேர்த்து மூன்று வருடம் எஸ்.சி.டி., அதாவது ஸ்பெசிஃபிக் கார்போஹைட்ரேட் டயட்டில் இருந்தான். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பால் எதுவும் கிடையாது. நான் டாக்டர் இல்லை, அடுப்படியில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். போன வாரம் பயறு பற்றிக் கேட்கச் சொன்னேன், கேட்டுத் தள்ளிவிட்டீர்கள்.

ஆறு வயது மகள், டயட் ஆரம்பித்து மூன்று வாரம். பீன்ஸ் எப்போது தரலாம்?

எந்த பீன்ஸ்? நம் வீட்டில் பீன்ஸ் என்றால் பொரியல் செய்கிற பச்சைக் காய். அது காய்கறிக் கணக்கு, வயிற்றுப்போக்கு அடங்கியதும் நார் எடுத்துக் குழைய வேகவைத்துத் தரலாம். எஸ்.சி.டி.யில் எது ஆகும், எது ஆகாது என்கிற பட்டியலில் "பீன்ஸ்" என்று இருப்பது காய்ந்த பயறு வகை. அதற்கு வழக்கமாகச் சொல்வது, தொந்தரவு இல்லாமல் சுமார் மூன்று மாதம் போகட்டும் என்று. மூன்று வாரத்தில் வேண்டாம்.

காரணம் இருக்கிறது. பயறில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கிற நொதி மனிதச் சிறுகுடலில் கிடையாது, உங்களுக்கும் எனக்கும்கூட. அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கும் பாக்டீரியாவுக்கு விருந்தாகிறது, அதுதான் வாயு. ஊறவைத்தால் அதில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் 10-12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, கழுவி, வேறு தண்ணீரில் வேகவையுங்கள். "சத்தெல்லாம் போய்விடுமே" என்று மாமியார் சொல்வார், பரவாயில்லை, கொட்டுங்கள். முதல் நாள் மசித்தது ஒரு ஸ்பூன், அவ்வளவுதான். மூன்று நாலு நாள் பார்த்துவிட்டு இரண்டு ஸ்பூன். அந்த வாரத்தில் வேறு எந்தப் புது உணவும் வேண்டாம், வயிறு வலித்தால் எதனால் என்று தெரியாமல் போகும். நாங்கள் முழு மைசூர் பருப்பில் ஆரம்பித்து, அப்புறம்தான் ராஜ்மாவுக்குப் போனோம்.

தாளிக்கும்போது கூட்டுப் பெருங்காயம் போடாதீர்கள். பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும்.

அக்கா, நாங்கள் டொராண்டோவில இருக்கிறம். ராஜ்மாவை ஸ்லோ குக்கரில போட்டிட்டு வேலைக்குப் போகலாமோ?

போகக்கூடாது. சரியாக வேகாத ராஜ்மாவில் ஒரு லெக்டின் நச்சு இருக்கிறது, நாலைந்து பச்சை விதையே வாந்தி எடுக்க வைக்கப் போதும். ஸ்லோ குக்கர் பல நேரம் அதை அழிக்கிற சூட்டுக்குப் போவதில்லை, மிதமான சூட்டில் நச்சு இன்னும் கூடக்கூடச் செய்யும். ஊறவைத்த விதையைத் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள், அல்லது பிரஷர் குக்கர். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாந்தி வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்.

கடலை மாவு தரலாமா?

கொண்டைக்கடலை ஆகும் பட்டியலில் இல்லை. ஆகவே கடலை மாவும் இல்லை.

பொட்டுக்கடலை?

அதுவும் கடலைதான்.

பையனுக்குக் குடல் ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்கள். ராஜ்மா தரலாமா?

என்னைக் கேட்காதீர்கள். தோலும் நாரும் அந்த இடத்தில் அடைத்துக்கொள்ளலாம். குழந்தையின் குடல் மருத்துவரைக் கேட்காமல் ஒரு விதைகூட வேண்டாம்.

பேரப்பிள்ளைக்காகக் கேட்கிறேன். காய்ச்சல் வந்தாலே பாசிப்பருப்புக் கஞ்சிதான் கொடுத்தோம். அது ஆகாது, ராஜ்மா ஆகும் என்பது என்ன நியாயம்?

அம்மா, இதே சண்டையை நான் என் டயட்டீஷியனிடம் போட்டிருக்கிறேன். இந்த உணவுமுறையின் வேர் நியூயார்க்கில் சீலியாக், அதாவது கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத குடல் நோய் உள்ள குழந்தைகளைப் பார்த்த சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர். தன் மகளின் பெருங்குடல் புண்ணுக்கு அவரிடம் போன எலெய்ன் காட்ஷால் என்ற தாய்தான் பின்னால் அதைப் பரப்பினார். அவர்கள் சமையலறையில் பாசிப்பருப்பு எத்தனை தடவை வெந்திருக்கும்? மாவுச்சத்தின் அமைப்பைக் காரணமாகச் சொல்கிறார்கள், எனக்கு முழுசாக ஒப்பவில்லை.

இதைச் சொன்னதும் ஒருவர், "அப்போ பட்டியலே பொய்யா?" என்று பிடித்துக்கொண்டார், இன்னும் நாலு பேர் கூடச் சேர்ந்தார்கள். பொய் என்று சொல்லவில்லையே. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் க்ரோன்ஸ் உள்ள பெரியவர்களில் ஒரு பாதிக்கு எஸ்.சி.டி., மறுபாதிக்கு மத்தியதரைக்கடல் உணவு. ஆறு வாரத்தில் அறிகுறிகள் அடங்கியது முதல் பிரிவில் 46.5 சதவீதம் பேருக்கு, மற்றதில் 43.5. பெரிய வித்தியாசம் இல்லை. அந்த இரண்டாவது உணவிலோ தானியமும் பயறும் தாராளம். அதனால் பட்டியல் வேதவாக்கு இல்லை. ஆனால் அது பெரியவர்களிடம் செய்தது, உங்கள் பேரனுக்கு அப்படியே பொருத்த முடியாது. டயட்டில் இருக்கும்வரை ஆளுக்கொரு விதிவிலக்கு சேர்த்தால், எது உதவியது எது கெடுத்தது என்று கடைசியில் யாருக்கும் தெரியாது. பாசிப்பருப்பு வேண்டுமென்றால் டயட்டீஷியனிடம் நேராகக் கேளுங்கள். எங்களுக்குப் பதினெட்டாவது மாதத்தில் சரி என்றார், ஒன்றும் ஆகவில்லை. என் ஒரு பிள்ளையின் கதைதான் இது, சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எடை ஏறவே இல்லை, பயறு கொடுத்தால் ஏறுமா?

டயட்டை ஆரம்பித்த டாக்டரிடம் இந்த வாரமே போங்கள். எடை, உயரம் குறித்து வைக்காமல் எந்தக் குழந்தையையும் இப்படிக் கட்டுப்பாட்டில் வைக்கக்கூடாது.

டின்னில் வரும் ராஜ்மா?

வேண்டாம். சில டின்களில் சர்க்கரை சேர்த்திருக்கும், எப்படி ஊறவைத்தார்கள் என்றும் தெரியாது.

கடலை மாவு பஜ்ஜி, எப்போதாவது ஒன்று?

மேலே படியுங்கள். எண்ணெயில் போட்டாலும் கடலை கடலைதான். கூட்டுப் பெருங்காயமும் போட்டிருப்பீர்கள்.

மகன் ராஜ்மாவைத் துப்பிவிடுகிறான். என்ன செய்ய?

என் மகனும் துப்பினான். மசித்து, முட்டை உடைத்து ஊற்றி, வெங்காயம் வதக்கிப் போட்டு, நெய்யில் தட்டிச் சுட்டுக் கொடுத்தேன். வடை என்று நினைத்து இரண்டு மாதம் சாப்பிட்டான். அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் நிஜ வடையைப் பார்த்துவிட்டான், அன்றோடு நிறுத்திவிட்டான்.