ஹம்பக்கரில் சுருள் மாற்றம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் கிதார் வாசிக்கும் இளைஞர்கள் அனுப்பிய கேள்விகளுள், ஹம்பக்கரின் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்புகளில் இரு கம்பிச் சுருள்கள் கொண்ட வகை) இரு சுருள்களை ஸ்விட்ச் மூலம் மாற்றி இணைப்பது பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் பழைய கிதாரின் பிக்கப்பிலிருந்து, பின்னிய உலோக உறைக்குள் ஒரே ஒரு வயர்தான் வருகிறது. அதில் ஒரு சுருளை மட்டும் வாசிக்க முடியுமா?

பதில்: வெளியிலிருந்து முடியாது. இரு சுருள்களும் பிக்கப்பின் உள்ளேயே இணைக்கப்பட்டுவிட்டன. அதைத் திறந்தால் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்பதால், தொடக்கநிலையில் இருப்பவர் நான்கு வயர் கொண்ட வேறொரு பிக்கப்பை வாங்குவதே நல்லது.

கேள்வி: நான்கு வண்ண வயர்களும் மூடாத வயர் ஒன்றும் இருக்கின்றன. படத்தில் உள்ள வண்ணங்களை நம்பலாமா?

பதில்: படம் அந்த நிறுவனத்துக்கே உரியதாக இருந்தால் மட்டும் நம்பலாம். சீமோர் டங்கன் பிக்கப்பில் கறுப்பு வயர் ஒலியைக் கொண்டுசெல்லும்; வெள்ளையும் சிவப்பும் ஒன்றுசேரும்; பச்சை தரைக்கு, அதாவது கிதாரின் கிரவுண்ட் இணைப்புக்குப் போகும். டிமார்சியோவில் சிவப்பு வயர்தான் ஒலியைக் கொண்டுசெல்லும்; கறுப்பும் வெள்ளையும் ஒன்றுசேரும். பெயரில்லாத பிக்கப்புகளிலோ வண்ணங்களுக்கு எந்த ஒழுங்கும் இல்லை. ஆகவே சோல்டர் வைப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். பிக்கப்பை எதனோடும் இணைக்காமல், 20 கிலோ ஓம் அளவில் வைத்து, இரண்டிரண்டு வயர்களாகத் தொட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 4 கிலோ ஓம் காட்டும் இணை ஒரு சுருள். எஞ்சிய இணை மற்றொன்று. மீட்டர் தொட்டபடியே இருக்க, ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சுருளின் காந்த முனைகள்மீது வைத்தால் எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். எண் ஏறும்போது மீட்டரின் சிவப்பு முனை தொட்டிருந்த வயருக்குக் குறி இடுங்கள். இரு சுருள்களிலும் இப்படிக் குறி இட்ட பின், ஒன்றின் குறியில்லாத வயரை மற்றொன்றின் குறியிட்ட வயரோடு சேர்த்தால் தொடர் இணைப்பு (இரு சுருள்களும் ஒன்றன்பின் ஒன்றாக இணைவது) சரியாக அமையும்.

கேள்வி: புஷ்-புல் பொட்டில் எதை எங்கே வைப்பது?

பதில்: புஷ்-புல் பொட் என்பது, இழுத்தாலும் அழுத்தினாலும் ஸ்விட்சாகவும் வேலை செய்யும் கட்டுப்பாட்டுக் குமிழ். அதன் அடியில் ஆறு கால்கள், மும்மூன்றாக இரு வரிசையில் இருக்கும். ஒரு வரிசையின் நடுக்காலில், ஒன்றுசேரும் இரு வயர்களையும் வையுங்கள். குமிழை இழுக்கும்போது நடுக்காலோடு தொடர்பு பெறும் கால் எது என்பதை மீட்டரால் அறிந்து, அதைத் தரையோடு இணையுங்கள். இழுத்தால் ஒரு சுருள் அடங்கி மற்றது மட்டும் ஒலிக்கும். ஈயம் இணைப்பில் நன்கு ஓடியவுடன் சூட்டுக்கோலை எடுத்துவிடுங்கள். அதிக நேரம் சுட்டால் வயரின் உறை உருகிவிடும். புஷ்-புல் பொட் சாதாரண பொட்டைவிட நீளமானது என்பதால், வாங்கும் முன் கிதாரின் உட்குழியின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் நன்றாக இருந்த ஒற்றைச் சுருள் ஒலி, மண்டபத்தில் இரைச்சலாகவும் வலுவிழந்தும் கேட்கிறதே?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரின் நோக்கமே, எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களைக் கொண்டு மின்சார இரைச்சலைத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்வதுதான். ஒரு சுருளை அடக்கும்போது அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஹம் ஒலியும், மண்டபக் குழல்விளக்குகள், மேடை டிம்மர்கள் ஆகியவற்றின் ரீங்காரமும் நேராக உள்ளே வருகின்றன. நம் மண்டபங்களில் வாசிப்பவர்களுக்கு நான் உறுதியாகப் பரிந்துரைப்பது பக்க இணைப்பையே, அதாவது ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக ஒலி வயருக்கும் தரைக்கும் இடையே இணைவதையே. அதே புஷ்-புல் பொட் போதும்: ஒன்றுசேரும் இரு வயர்களையும் பிரித்து, வரிசைக்கு ஒன்றாக இரு நடுக்கால்களிலும் வையுங்கள். ஒரு பக்கத்து இரு கால்களையும் தமக்குள் இணைத்தால் அந்த நிலையில் தொடர் இணைப்பு கிடைக்கும். மறுபக்கத்தில், டங்கன் வண்ணப்படி, சிவப்பு வரிசையின் காலை ஒலி வயரோடும், வெள்ளை வரிசையின் காலைத் தரையோடும் சேருங்கள். இவ்வாறு செய்த பக்க இணைப்பில், 8 கிலோ ஓம் பிக்கப் 2 கிலோ ஓம் காட்டும். ஒலி மெலிந்து தெளிவடையும். தொடர் இணைப்பைவிட அளவு குறைந்தாலும் இரைச்சல் அழிவது தொடரும். உண்மையான ஒற்றைச் சுருளின் ஒலி இதில் முழுமையாகக் கிடைக்காது என்றாலும், பாடகரின் குரலுக்குப் பின்னால் வாசிக்கும் மேடையில் அமைதியே முதன்மையானது. இரைச்சலைக் குறைப்பதற்காக ஆம்பிளிஃபயர் பிளக்கின் தரை முனையை ஒருபோதும் நீக்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: இரு பிக்கப்புகளையும் சேர்த்து வாசித்தால் ஒலி சன்னமாகி, அடித்தொனியே இல்லை. ஏன்?

பதில்: இரண்டும் எதிர்க் கட்டத்தில் உள்ளன, அதாவது ஒன்றின் ஒலி அலை மற்றதன் அலைக்கு எதிராகச் சென்று அதை அழிக்கிறது; வெவ்வேறு நிறுவனப் பிக்கப்புகளைச் சேர்க்கும்போது இது அடிக்கடி நேர்கிறது. ஏதேனும் ஒன்றில் மட்டும் ஒலி வயரையும் தரை வயரையும் இடம் மாற்றுங்கள். மூடாத வயர் எப்போதும் தரையிலேயே இருக்கட்டும்.