பினாங்கில் அபூர்வக் கொடிகளை எங்கே பார்க்கலாம்? வீட்டில் இயற்கை முறையில் வளர்க்க முடியுமா?

தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அதே சாலையில் இன்னும் கொஞ்சம் உள்ளே போங்கள், தாவரவியல் பூங்கா வந்துவிடும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குரங்குத் தோட்டம். அர்ச்சனை வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மட்டும் நுழையாதீர்கள்.

பழைய கருங்கல் குவாரி இருந்த பள்ளத்தாக்கில் 1884-இல் இதை உருவாக்கியவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். அதற்குமுன் இங்கிலாந்தின் வீட்ச் நர்சரிக்காக போர்னியோ காடுகளில் செடி தேடி அலைந்தவர். மேரியான் நார்த் வரைந்த ஓவியத்தில், கெண்டி போன்ற பையில் பூச்சி பிடிக்கும் ஒரு பெரிய கெண்டிச்செடி இருந்தது. அதை எங்கிருந்தாலும் கொண்டுவா என்று அனுப்பப்பட்டவர் இவர்தான், கொண்டும் வந்தார்.

கெண்டிச்செடி தொட்டியில் நிற்கிற செடி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது கொடி. இலை நுனி நரம்பு போல நீண்டு, பக்கத்துக் கிளையை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அதன் முனையில் கெண்டியைத் தொங்கவிடும். மலாய்க்காரர்கள் சொல்வது பெரியோக் கெரா, குரங்குப் பானை.

பூங்கா வாசல் பக்கமிருந்து கொடிமலைக்கு, அதாவது பினாங்கு ஹில்லுக்கு, ஜீப் பாதை ஏறுகிறது. சுமார் 5 கிலோமீட்டர், முட்டி பேசும். கொடிமலையின் கொடி கம்பத்துக் கொடிதான், ஆனால் எனக்கு அது படர்கிற கொடியாகவே படுகிறது. அந்த மலையில் இயற்கையாக வளர்வது நெப்பந்தஸ் அல்போமார்ஜினாட்டா என்ற கெண்டிச்செடி வகை. கெண்டியின் விளிம்புக்குக் கீழே, வேட்டிக் கரை மாதிரி வெள்ளையாக ஒரு பட்டை ஓடும். கிட்டே போய்ப் பார்த்தால் அது பொடிப்பொடி ரோமம். கறையான்களுக்கு அது தீனி. தின்ன வருகிற கூட்டம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உள்ளே விழுகிறது. பட்டை வழித்தெடுத்தது போல் காலியான கெண்டிக்குள் எட்டிப் பார்த்தால் கறையான் குவியல் கிடக்கும்.

இனி வீட்டுக் கதை. என் முதல் கெண்டிச்செடியை நானே சோறு போட்டுக் கொன்றேன். இயற்கை உரம்தானே என்று ஆட்டுப்புழுக்கை போட்டேன், அம்மா தன் பங்குக்கு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினார். இலை கொழுகொழுவென்று வந்தது, கெண்டி ஒன்றுகூட வரவில்லை. பிறகு வேர் அழுகி, இரண்டு மாதத்தில் முடிந்தது. சத்தில்லாத மண்ணில் பிழைக்கத்தான் அது பூச்சி பிடிக்கவே கற்றது. மண்ணிலேயே விருந்து வைத்தால் கெண்டி எதற்கு?

இப்போது செய்வது: தேங்காய் மட்டையை நன்றாக ஊறவைத்து, அலசி, துண்டாக்கிப் போடுகிறேன். பாசாரில் சந்தான் (தேங்காய்ப்பால்) பிழிகிற கடையில் மட்டை சும்மாவே கிடைக்கும். உரம் கிடையாது. உப்பு சேர்ந்தால் வேர் தாங்காது என்பதால் கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் மட்டும். பீப்பாய்க்கு வலை கட்டாயம் கட்டுங்கள். ஏடிஸ் கொசுப்புழு இருந்தால் டிங்கி ஒரு பக்கம், அபராதம் இன்னொரு பக்கம்.

மலையிலிருந்து பிடுங்கி வராதீர்கள். கறுத்த, மயிரிழை போன்ற வேர், இழுத்தாலே அறுந்துவிடும். வாங்கும்போது தண்டு வெட்டி வளர்த்ததா, காட்டிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் நடையைக் கட்டுங்கள்.

கொடி வளர்த்துப் பழக்கமே இல்லையென்றால் சங்குப்பூவில் தொடங்கலாம். அவரைக் குடும்பம், தழைச்சத்தைக் காற்றிலிருந்தே வேர் முடிச்சுகளில் சேர்த்துக்கொள்ளும். பூ, இங்கத்திய நியோன்யா (சீன-மலாய் கலப்புச் சமையல்) பலகாரத்துக்கு நீலம் கொடுக்கும். அபூர்வமில்லைதான், அதனாலென்ன.

என் இரண்டாவது கெண்டிச்செடிக்கு மூன்று வயது, கிரில் கதவில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. அம்மா கழுநீர்ச் சட்டியோடு அந்தப் பக்கம் போனால் இன்னும் நான் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.